தீயால் வாழும் காடு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது, ஏதேனும் ஓர் இலக்கியப் பொருளை நான் எடுத்துக்கொள்வேன் என்று எண்ணியிருப்பார். முப்பது ஆண்டுகள் தாவரவியல் கற்பித்தவனுக்குக் காடும் ஒரு நூலே. ஆதலால், அமெரிக்காவில் என் மகள் வீட்டில் தங்கியிருந்த நாள்களில் நான் கண்ட ஒரு காட்டைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

நியூயார்க் மாநிலத்தின் தலைநகரமாகிய ஆல்பனியை ஒட்டி 'ஆல்பனி பைன் புஷ்' என்னும் காடு உள்ளது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, பெரும்பனிப் பாறைகள் உருகிப் பின்வாங்கிய காலத்தில், அங்கு ஒரு பேரேரி இருந்தது. ஏரி வடிந்தது, அதன் மணல் எஞ்சியது, காற்று அம்மணலை மேடுமேடாகக் குவித்தது. நீர் நில்லாத, உரமற்ற அம்மணலில் பிசின் மிகுந்த பிட்ச் பைன் மரமும் குட்டையான ஓக் புதர்களும் வளர்ந்தன. இத்தகைய நிலத்தை அந்நாட்டார் 'பைன் பாரன்ஸ்' என்பர். பைன் மரத் தரிசு என்று நாம் கூறலாம். கடலை விட்டு விலகி உள்நாட்டில் அமைந்த இவ்வகை நிலம் உலகில் மிகச் சிலவே எஞ்சியுள்ளது.

தரிசு என்னும் பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஏர் உழ வந்தவன், கோதுமை விளையாத நிலத்துக்கு இட்ட பெயர் அது. நம் மொழியிலும் வரிக்கு உட்படாமல் ஒதுக்கிய பொது நிலத்தைக் குறித்த 'புறம்போக்கு' என்னும் சொல், இன்று மனிதரை இகழும் சொல்லாகிவிட்டதன்றோ? பெயர் இழிந்ததும் நிலத்தின் மதிப்பும் இழிகிறது. ஆல்பனியிலும் அவ்வாறே நேர்ந்தது. சாலைகள் காட்டைப் பிளந்தன; வீடுகளும் அங்காடிகளும் எழுந்தன; நகரத்தின் குப்பைமேடும் அங்கேயே இடம் பெற்றது.

ஆனால் அக்காட்டை நலிவித்தது கட்டடங்கள் மட்டுமன்று. தீயை அணைத்த கைகளும்தாம்! இதைக் கேட்டு நீங்கள் வியக்கலாம், நானும் வியந்தேன். மின்னலாலும் மனிதராலும் மூண்ட தீ அவ்வப்போது அம்மணற்காட்டில் ஓடுவது பழைய வழக்கம். பிட்ச் பைனின் தடித்த பட்டை அத்தீயைத் தாங்கும். கிளை கருகினாலும் அடிமரத்திலிருந்தே புதுத் தளிர் விடும். ஓக் புதர் வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். இருபதாம் நூற்றாண்டில் குடியிருப்புகள் நெருங்கியதும், மூண்ட தீயையெல்லாம் மக்கள் உடனுக்குடன் அணைத்தனர். அவர்களைக் குறை கூற இயலாது. வீட்டருகே தீ வந்தால் நாமும் அதையே செய்வோம். எனினும் தீ நின்றதும் நிழல் தரும் பிற மரங்கள் அடர்ந்தன. நம் நாட்டுச் சீமைக் கருவேலம் போல, வெளியிலிருந்து வந்த பிளாக் லோகஸ்ட் என்னும் மரமும் பரவியது. வெயில் தரையைத் தொடவில்லை.

வெயில் போனதும் லூபின் குறைந்தது. லூபின் அவரைக் குடும்பத்துச் செடி. நீல மலர்க்கொத்து உடையது. 'கார்னர் நீலன்' என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு அச்செடியின் இலையன்றி வேறு உணவு இல்லை. சிறகு விரித்தால் ஓர் அங்குலமே உள்ள அப்பூச்சி ஆண்டுக்கு இரண்டு தலைமுறை காணும். புழுவின் உடலில் சுரக்கும் இனிய நீரை உண்ணும் எறும்புகள், அதற்குக் காவலாகவும் நிற்கும். இப்பூச்சியைத் தனி வகையென்று 1944-இல் அறிவியல் உலகுக்கு அறிவித்தவர், ரஷ்ய நாட்டிலிருந்து இடம்பெயர்ந்து வந்த நாவலாசிரியர் விளாதிமிர் நபக்கோவ். ஊர்விட்டு ஊர் வந்த ஒருவர், உள்ளூரார் தரிசு என்று ஒதுக்கிய மண்ணின் உயிரை உற்றுநோக்கினார் என்பது நம்மைப் போன்றோர் மனத்தில் கொள்ளத் தக்கது.

1978-இல் ஆல்பனி மக்கள் சிலர் 'சேவ் த பைன் புஷ்' என்ற அமைப்பைத் தொடங்கி, வழக்குமன்றம் ஏறினர். 1988-இல் மாநிலச் சட்டமன்றம் இக்காட்டைக் காக்க ஓர் ஆணையம் நிறுவியது. 1992-இல் கார்னர் நீலன், அழியும் நிலையில் உள்ள உயிரினம் என்று நாடு முழுமைக்கும் அறிவிக்கப்பட்டது. 2009-இல் ஒரு விடுதிக் கட்டடம் பற்றிய வழக்கில் அவ்வமைப்பினர் தோற்றனர். ஆயினும், ஓர் இயற்கை இடத்தை மற்றவரினும் மிகுதியாகப் பயன்படுத்தி மகிழ்வோர்க்கு அதன் பொருட்டு வழக்காடும் தகுதி உண்டு என்று மாநில உயர்மன்றம் அதே வழக்கில் தீர்ப்பளித்தது. தோற்ற வழக்கு பின்வருவோர்க்குக் கதவைத் திறந்து வைத்தது.

ஒரு நாள் மாலை என் மகள் என்னை அங்கு அழைத்துச் சென்றாள். ஒரு பக்கம் தரை முழுதும் கரிந்து கிடந்தது. "யார் அம்மா இந்தப் பாவத்தைச் செய்தது?" என்று பதறினேன். "காப்பவர்களே செய்தது அப்பா, குனிந்து பாருங்கள்" என்றாள். கரிய மண்ணினூடே பசுந்தளிர்கள் எழுந்து நின்றன. காற்றின் திசை, ஈரப்பதம், புகை செல்லும் வழி ஆகியவற்றைக் கணித்து, சுற்றிலும் தடுப்பு வகுத்து, பயிற்சி பெற்றோர் தீ மூட்டுகின்றனர். காட்டை ஒரே முறையில் எரிப்பதில்லை. ஒரு பகுதி எரியும்போது மறு பகுதியில் பூச்சியின் முட்டைகள் பிழைத்திருக்கும். அத்துடன் அயல் மரங்களை அகற்றி, லூபின் விதைத்து, பூச்சிகளை வளர்த்தும் விட்டுள்ளனர். சில நூறாகச் சுருங்கிய கார்னர் நீலன் மீண்டும் ஆயிரக்கணக்கில் பறக்கிறது. இன்று மூவாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் காப்பில் உள்ளது.

எல்லாக் காட்டுக்கும் தீ நன்று என்று எவரும் கொள்ளற்க. நம் நீலகிரியின் சோலைக் காடு தீப்பட்டால் மீள்வது அரிது. ஒரு நிலம் எதனால் வாழ்கிறது என்று அறிந்த பின்னரே அதைக் காக்க முற்பட வேண்டும். அறியாத அன்பு வேலியிட்டுக் கொண்டே கொன்றுவிடும். ஆல்பனி மக்கள் இதைக் கற்பதற்குள் தங்கள் காட்டின் பெரும்பகுதியை இழந்துவிட்டனர்.

இளைஞர்களே, நம் காலனி மதிலுக்கு அப்பால் முட்புதர் மண்டிய நிலம் ஒன்று உண்டு. அதை நாமும் தரிசு என்றே அழைக்கிறோம். அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் அங்குச் செல்கிறேன். வருபவர் ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் கொண்டு வருக. அங்கு என்னென்ன வாழ்கின்றன என்று முதலில் எழுதி வைப்போம். பெயர் வைப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.