செல்போனில் ஒரு கலைக்களஞ்சியம்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். எனக்குக் கொடுத்த தலைப்பு விக்கிப்பீடியா. 2001-ல் ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் என்ற இருவர் அமெரிக்காவில் ஆரம்பித்தது. தமிழில் 2003-ல் வந்தது. இன்றைக்குத் தமிழில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரைகள் இருக்கு. எழுதுபவர்களுக்குச் சம்பளம் கிடையாது. விளம்பரமும் கிடையாது, நன்கொடையில் நடக்குது.

யார் வேணும்னாலும் திருத்தலாம் என்றால் எப்படி நம்புறது? நம்ம தீர்மான நோட்டை நினைச்சுப் பாருங்க. யார் என்ன சொன்னாங்க, எந்தத் தேதி, எல்லாம் அதில் இருக்கும். விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு பக்கத்துக்கும் "வரலாறு" என்று ஒன்று இருக்கு. அதைத் தொட்டால் யார் எப்போ எதை மாற்றினார்கள் என்று வரிசையாக வரும். ஒருத்தர் தப்பா எழுதினா இன்னொருத்தர் பழையபடி ஆக்கிடலாம். ஆனா உடனே ஆக்கிடுவாங்கன்னு சொல்ல முடியாது. 2005-ல் அமெரிக்காவில் ஜான் சீகென்தாலர் என்ற பத்திரிகையாளரைக் கொலைச் சதியோடு சேர்த்து ஒருவர் பொய்யாக எழுதி, அது சுமார் நாலு மாசம் அப்படியே கிடந்தது.

இப்போ நம்ம ஊர் விஷயத்துக்கு வரேன். நம்மில் பாதிப் பேர் கண்வலிக் கிழங்குத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போறோம். காலையில் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைக்கிறோம், காய் பறிச்சு விதை எடுக்கிறோம். அதுதான் நம்ம மாநிலப் பூ செங்காந்தள். எங்க தெருவில் ஒரு அம்மாவுக்கு முழங்கால் வலி. இந்தக் கிழங்கை வேகவச்சுத் தண்ணி குடிச்சா போயிடும்னு யாரோ சொல்லியிருக்காங்க. மருமகப் பொண்ணு போனில் பார்த்து, "ஆமாங்க அக்கா, மூட்டு நோவு மருந்துக்கு எடுக்கறாங்கன்னு போட்டிருக்கு" என்றாள்.

அது பொய் இல்லை. கோல்ச்சிசின் என்ற சத்து இதில் இருக்கு, கௌட் என்ற மூட்டு வீக்கத்துக்கு அதில்தான் மாத்திரை செய்யறாங்க. ஆனா அந்த மாத்திரை மில்லிகிராமுக்கும் கீழே அளந்து செய்யறது. அதே சத்துதான் விஷமும். இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிப் படிம்மா என்றேன். கிழங்கைத் தின்றவர்கள் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து உயிர் போன கதை அங்கே இருந்தது. கிழங்கு அடுப்பில் ஏறலை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனோம்.

மருத்துவ ஆலோசனை தருவதில்லை என்று விக்கிப்பீடியாவே சொல்லியிருக்கு. "பயன்படுத்துகிறார்கள்" என்று எழுதினால் குணமாகும் என்று அர்த்தம் இல்லை. கடைசியில் "மேற்கோள்கள்" என்று இருக்கும், எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தார்கள் என்று. அதுவே இல்லாத பக்கத்தை நான் பாதிதான் நம்புவேன். தமிழில் சில பக்கம் நாலே வரியில் முடிஞ்சிடும். அப்போ மொழியை மாற்றி ஆங்கிலப் பக்கத்தைக் காலேஜ் படிக்கிற பிள்ளைங்களை விட்டுப் படிக்கச் சொல்லுங்க.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நம்பகமான இடத்தில் வெளியானதைத்தான் அங்கே சான்றாக ஏத்துக்கறாங்க. எங்க அப்பத்தாவுக்குத் தெரிஞ்ச பருவமும் பட்டமும் எந்தப் புத்தகத்தில் இருக்கு? இந்த மலரில் போட்டால் சான்றாகுமான்னு செயலாளர் கேட்டாங்க. நம்மைப் பற்றி நாமே போட்டது, அதனால் அவ்வளவு மதிப்பு இருக்காது. ஆனா நம்ம ஊர்க் குளத்தைப் போட்டோ எடுத்துப் போடலாம், எழுத்துப்பிழை திருத்தலாம். பழகிப் பார்க்க "மணல்தொட்டி" என்று தனிப் பக்கமே இருக்கு.

டீ குடிச்சிட்டு போன் வச்சிருக்கிறவங்க வேப்பமரத்தடிக்கு வாங்க. அந்த வரலாறு பட்டன் எங்கே இருக்குன்னு காட்டறேன்.