"விளையாடினேன்" என்று பிள்ளை சொன்னால்...



பாலர் பள்ளியிலிருந்து திரும்பும் நான்கு வயது மகளிடம், "இன்னிக்கு என்னம்மா படிச்சே?" என்று தாயார் கேட்கிறார். "விளையாடினேன்" என்கிறாள் அவள். தாயாரின் முகம் வாடிவிடுகிறது. கட்டணம் கட்டி அனுப்புவது விளையாடவா என்ற கவலை. மூன்று ஆண்டுகளில் தொடக்கநிலை ஒன்று வந்துவிடுமே என்ற பயம் வேறு. அன்று மாலையே பயிற்சிப் புத்தகங்கள் வீட்டுக்கு வந்துவிடுகின்றன.

பெற்றோரின் கவலையில் நியாயம் உண்டு. ஆனால், "விளையாடினேன்" என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு படிப்பு அடங்கியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பல பிள்ளைகள் மூன்று, நான்கு வயதில் ஒன்று முதல் இருபது வரை தடையின்றி ஒப்புவித்துவிடும். "ஐந்து கரண்டி கொண்டுவா" என்றால் கைக்குக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு வரும். எண்ணின் பெயர் தெரியும். அதன் அளவு இன்னும் பிடிபடவில்லை. பொம்மைகளை உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு கோப்பை என்று பரிமாறி விளையாடும்போதுதான் அந்த அளவு புரியத் தொடங்குகிறது. மாவை உருட்டிப் பிசையும் விரல்கள், பிறகு பென்சில் பிடிப்பதற்கான வலுவைப் பெறுகின்றன. கடைக்காரர், மருத்துவர் என்று வேடமிட்டு ஆடும் பிள்ளை, தன் முறை வரும்வரை காத்திருக்கவும் பழகுகிறது.

இது புதிய கருத்தன்று. ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரெடரிக் ஃபுரோபல் 1837ல் சிறுவர்களுக்கெனத் தொடங்கிய பள்ளியில் பந்துகளும் மரக்கட்டைகளுமே பாடக் கருவிகள். சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு 2003ல் வெளியிட்டு, 2012லும் 2022லும் புதுப்பித்த பாலர் கல்வி வழிகாட்டியும் விளையாட்டின் வழி கற்பதை வலியுறுத்துகிறது. 2019 முதல் தொடக்கநிலை ஒன்று, இரண்டு மாணவர்களுக்குத் தேர்வுகளும் இல்லை. நான்கு வயதில் அவசரப்படுத்த வேண்டிய தேவை என்ன?

பெற்றோர் செய்யக்கூடியது எளிது. விலையுயர்ந்த பொம்மைகள் தேவையில்லை. காலி பிஸ்கட் டின்கள், அட்டைப் பெட்டிகள், நான்கு வெங்காயம், இரண்டு உருளைக்கிழங்கு இருந்தால் வரவேற்பறையில் ஒரு சந்தை தயார். பிள்ளை கடைக்காரர், அப்பா வாடிக்கையாளர். "அண்ணே, வெங்காயம் எவ்வளவு? பெரிசா மூணு எடுத்துக் கொடுங்க" என்று அவர் தமிழில் கேட்கட்டும். கணக்கோடு மொழியும் வந்துவிடும். ஆங்கிலமே அதிகம் புழங்கும் இல்லங்கள் நம்மிடையே பெருகிவரும் இந்நாளில், பிள்ளைக்குத் தமிழ் ஒரு பாடமாக மட்டும் அறிமுகமாவது நல்லதன்று. சிரிப்போடு கேட்ட சொற்களைப் பிள்ளை மீண்டும் தானே தேடி வந்து பேசும்.

விளையாட்டை நடத்தும் பொறுப்பு பிள்ளையிடமே இருக்கட்டும். கட்டைகள் சரிந்தால் உடனே கைநீட்டி அடுக்கிக் கொடுக்காமல், "ஏன் விழுந்திருக்கும்?" என்று கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுத்திருங்கள். பதில் வரத் தாமதமாகலாம். அந்த மௌனத்தில்தான் பிள்ளை யோசிக்கிறது.

வேலை முடிந்து களைத்து வரும் பெற்றோர் பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிடுவதும் நடக்கிறது. மூன்று, நான்கு வயதினர் திரைமுன் உட்கார்ந்திருக்கும் நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்றும், ஓடியாடும் நேரம் மூன்று மணியாவது இருக்கவேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019ல் அறிவுறுத்தியது. புளோக்கின் கீழ்த்தளத்து விளையாட்டுத் திடலுக்குக் காசு கேட்பவர் யாருமில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் பதினைந்து நிமிடம் பிள்ளையோடு தரையில் உட்கார்வதும் எல்லா வீட்டிலும் முடிகிற காரியம்தான்.

நாளை மாலை பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும் கேள்வியை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். "இன்னிக்கு என்ன விளையாடினே? எனக்கும் சொல்லிக் கொடேன்." அன்று படித்ததையெல்லாம் பிள்ளை தானாகவே சொல்லிவிடும்.