முதலில் படிகமாக்கிப் பாருங்கள்

அடையாறு, கிண்டிப் பக்கம் எந்தக் கரிம வேதியியல் ஆய்வகத்துக்குப் போனாலும் வினை முடிந்த கையோடு மாணவர்கள் விளைபொருளைத் தூய்மையாக்கக் கண்ணாடிக் குழாயில் சிலிக்கா ஜெல் நிரப்பத் தொடங்கிவிடுகிறார்கள். 1978-இல் கிளார்க் ஸ்டில் வெளியிட்ட இந்த ஃபிளாஷ் குரோமட்டோகிராபி அருமையான முறைதான். ஆனால் படிகமாகக்கூடிய பொருளுக்கு அது வீண் செலவு. முதலில் படிகமாக்கிப் பாருங்கள்.

பென்சாயிக் அமிலம் 25 டிகிரியில், 100 மில்லி தண்ணீரில் சுமார் 0.34 கிராம்தான் கரையும். கொதிநிலையை நெருங்கும்போது 5 கிராமுக்கு மேல் கரையும். வித்தை முழுக்க இந்த இடைவெளியில்தான். கரைய வேண்டிய அளவுக்கு மட்டும் கொதிநீர் சேர்த்து, சூட்டோடு வடிகட்டி, அசைக்காமல் ஆறவிடுங்கள். கற்கண்டு காய்ச்சுகிறவர் நூல் கட்டிய பாத்திரத்தைத் தொடுவதில்லையே, அந்தப் பொறுமை வேண்டும். அவசரப்பட்டு ஐஸில் வைத்தால் பொடியாக விழும், அழுக்கையும் பிடித்துக்கொள்ளும். நன்றாக ஆறட்டும், பிறகு ஐஸ்.

என் மாணவி ஒருத்தி, எண்ணெயாகவே நிற்கிறது என்று குடுவையைக் கொண்டுவந்தாள். கண்ணாடிக் கோலால் உட்சுவரை உரசச் சொன்னேன். பேசிக்கொண்டிருக்கும்போதே வெள்ளையாகக் கட்ட ஆரம்பித்தது. அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

செய்முறையின் ஒவ்வொரு வரிக்கும் ஏன் என்று கேளுங்கள். பைகார்பனேட்டால் கழுவுவது மிஞ்சிய அமிலத்தை உப்பாக்கி நீருக்குள் இழுக்க. விளைபொருளே கார்பாக்சிலிக் அமிலமாக இருந்தால் அதுவும் நீரோடு போய்விடும். வெளிநாட்டுப் புத்தகத்தின் அறை வெப்பநிலை 20, 25 டிகிரி. மே மாத மயிலாப்பூரில் 35-ஐத் தாண்டும். ஈதரின் கொதிநிலையே 34.6! பிரிபுனலைக் குலுக்கும்போது அடிக்கடி திறந்து அழுத்தத்தை வெளியே விடுங்கள்.

இதிலெல்லாம் எனக்கு ஆதர்சம் வேதியியலாளர் டி. ஆர். கோவிந்தாச்சாரி. மாநிலக் கல்லூரியில் பி. பி. டேயிடம் பயின்று, அமெரிக்காவில் ரோஜர் ஆடம்ஸிடம் பணியாற்றித் திரும்பியவர். நஞ்சறுப்பான் கொடியிலுள்ள டைலோபோரின் என்ற சேர்மத்தை அவர் குழு 1950-களில் ஆராய்ந்தபோது, என்.எம்.ஆர். இங்கே அன்றாடக் கருவி அல்ல. தூய படிகம் கையில் இல்லாமல் பகுப்பாய்வே கிடையாது. 1960-இல் பட்நாகர் விருது பெற்றார். பிற்காலத்தில் சென்னையில் வேம்பின் சேர்மங்களைப் பிரித்தெடுத்தார்.

படிகம் வந்ததும் உருகுநிலை பாருங்கள். அதோடு நிறுத்தாதீர்கள். யூரியாவும் சின்னமிக் அமிலமும் ஏறத்தாழ 133 டிகிரியில்தான் உருகும். இரண்டையும் கலந்தால் உருகுநிலை வெகுவாகக் கீழே இறங்கிவிடும். அதனால் தூய மாதிரியோடு கலந்தும் உருக்கிப் பாருங்கள்.