ஒதுக்கி வைத்த பாட்டுகள்



சிங்கப்பூரின் வடகிழக்கில் இருப்பது பொங்கோல். ஒரு காலத்தில் அங்கே ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. மீனவர் கம்பங்களும் கோழிப் பண்ணைகளும் பன்றிப் பண்ணைகளும் இருந்தன. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. ஊர் மாறுவது உலக வழக்கம். ஆனால், அந்த ஊரில் மக்கள் பாடிய பாட்டு எங்கே போகிறது? இதைச் சிந்திக்க ஓர் ஆங்கில இசைத்தட்டின் கதை நமக்குத் துணை வரும்.

1976-ல் லண்டனில் 'தி கிளாஷ்' என்ற இசைக்குழு தோன்றியது. வேலையில்லாத் திண்டாட்டமும் நிறவேற்றுமையும் மிகுந்திருந்த காலம் அது. முறையான பயிற்சிக்குக் காத்திராமல் இளைஞர்கள் கிட்டாரைக் கையில் எடுத்து, மனத்தில் பட்டதை உரக்கப் பாடினார்கள். இதைத்தான் 'பங்க்' இசை என்றார்கள். 1982 மே மாதம் இக்குழுவின் 'காம்பாட் ராக்' வெளிவந்தது. இரண்டு தட்டுகளாக வர இருந்ததைச் சுருக்கி, 12 பாட்டுகளுடன் ஒரே தட்டாக்கினார்கள்.

நாற்பது ஆண்டு கழித்து, 2022 மே மாதம், அதே தொகுப்பு மூன்று தட்டுகளாக விரிந்து மீண்டும் வந்தது. குழுவினர் ஒத்திகை பார்த்த 'பீப்பிள்ஸ் ஹால்' மண்டபத்தின் பெயரில் மேலும் 12 பாட்டுகள் சேர்ந்தன. வேறு விதமாகப் பாடிப் பார்த்தவையும், ஒதுக்கி வைத்தவையும் அவற்றில் உண்டு. பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் 2002-லேயே மறைந்துவிட்டார். பதிவு இருந்ததால் அவர் குரல் வந்தது.

இதில் தமிழர் தொடர்பும் உண்டு. இத்தொகுப்பிலுள்ள 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' என்ற பாட்டு, புறக்கணிக்கப்பட்ட ஏழைகளையும் குடியேறிகளையும் பற்றியது. யாழ்ப்பாணத்தில் சிறுவயதில் வளர்ந்து, அகதியாக லண்டன் சேர்ந்தவர் மாதங்கி அருள்பிரகாசம் என்ற எம்.ஐ.ஏ. அவர் அந்தப் பாட்டின் இசைத்துண்டை எடுத்து 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டை அமைத்தார். தம் தாயின் பெயரால் 2007-ல் வெளியிட்ட 'கலா' தொகுப்பில் அது இருக்கிறது. பாட்டை ஆக்கியோர் வரிசையில் கிளாஷ் குழுவினரின் பெயர்களும் இடம்பெற்றன. பதிவும் பெயரும் இருந்ததால் உரியவருக்கு உரியது சேர்ந்தது.

நம் தோட்டங்களில் பால்மரம் சீவும்போது பாடிய பாட்டுக்கும், லயத்துத் தாலாட்டுக்கும், ஒப்பாரிக்கும் உரியவர் யார்? பெரும்பாலும் பெயரே இல்லை. இலங்கையில் சி. வி. வேலுப்பிள்ளை மலையகத் தோட்ட மக்களின் பாட்டுகளைத் திரட்டித் தந்தார். அது பெருந்தொண்டு. எனினும், ஏடு சொல்லைக் காக்குமே தவிர, குரலைக் காக்காது. சிங்கப்பூரில் 1979 முதலே முதியோரின் நினைவுகளை அவர்கள் வாய்மொழியாகவே அரசு பதிவு செய்து வருகிறது.

நாமும் இதைச் செய்யலாம்; கைத்தொலைபேசி ஒன்றே போதும். பாட்டியைப் பாடச் சொல்லுமுன் அவர் பெயர், தோட்டத்தின் பெயர், ஆண்டு ஆகியவற்றைச் சொல்லிப் பதிவு செய்வோம். அடி மறந்து பாதியில் நிறுத்தினாலும் அதை அழிக்க வேண்டாம்; மீதி அடி இன்னொரு பாட்டிக்குத் தெரிந்திருக்கும். ஒரு பிரதியை உறவினரிடமும் கொடுத்து வைப்போம். பாடுகிறவர் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.