ஒரு குதிரைப்படை வீரரின் குடும்பத்தைத் தேடி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



குடும்ப வரலாறு பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். மன்னர் பரம்பரைகளைக் கூறும் நூல்கள் பல உள. ஊரை விட்டுச் சென்று அயல் மண்ணில் மாண்ட ஒரு படைவீரனின் பெற்றோரை எங்ஙனம் கண்டறிவது என்பதையே நான் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

அவ்வீரர் பெயர் பிரெடரிக் வில்லியம்ஸ், இங்கிலாந்தில் பிறந்தவர், அமெரிக்க ஏழாம் குதிரைப்படையில் சார்ஜண்ட். 1867-ம் ஆண்டு ஜூன் 26-ம் நாள், கான்சஸ் மாநிலத்தின் மேற்கே வாலஸ் கோட்டையருகே நடந்த சண்டையில் உயிர் நீத்தார். அவ்வாண்டு ஏப்ரலில்தான் ஜெனரல் ஹான்காக் ஷையன், சூ மக்களின் குடியிருப்பொன்றைத் தீக்கிரையாக்கியிருந்தார். அம்மக்கள் வேட்டையாடி வாழ்ந்த நிலத்தின் ஊடே இருப்புப்பாதையும் வந்துகொண்டிருந்தது. அவர்கள் வாளா இருப்பரோ?

அப்பாதைக்காக நிலம் அளக்க வந்த குழுவில் டாக்டர் வில்லியம் பெல் என்னும் ஆங்கில மருத்துவர் இருந்தார். புகைப்படக்காரர் வேலை ஒன்றே காலியாக இருந்தமையால் அதனை ஏற்று வந்தவர் அவர்! தொலைதூரக் கோட்டையில் தம் நாட்டார் ஒருவரைக் கண்டதும் பழக்கம் உண்டாயிற்று. படங்களை அச்சிட உதவுவதாகச் சார்ஜண்ட் வாக்களித்திருந்தார். அந்நாளிலேயே அவர் கொல்லப்பட்டார். பெல் தனியாகவே படங்களை அச்சிட்டார். சிதைக்கப்பட்ட அச்சடலத்தையும் படமெடுத்து வாஷிங்டனுக்கு அனுப்பினார். அதனைக் குழந்தைகளும் இருக்கும் இவ்வவையில் வருணிக்க நான் விரும்பவில்லை.

1869-ல் வெளிவந்த தம் நூலில் பெல் இவரைப்பற்றிச் சில செய்திகள் கூறுகின்றார். நல்ல குடியிற் பிறந்தவர். ஈட்டன் பள்ளியில் பயின்றவர். இளமையில் நேர்ந்த ஒரு பிழையால் உற்றாரைப் பிரிந்தவர். இவை பெல்லுக்கு எங்கிருந்து கிட்டின? சார்ஜண்ட்டின் வாய்மொழியே மூலம் எனக் கொள்வது இயல்பு. அயலூரில் தன் குலப்பெருமையைச் சற்றே கூட்டிச் சொல்லும் மனிதரை நாம் கண்டதில்லையா? அதற்காக இவர் பொய்யுரைத்தார் என்றும் முடிவு கட்டலாகாது. ஆகவே ஆராய்பவர் ஈட்டன் வாயிலில் தொடங்காமல், இறப்பிலிருந்து பின்னோக்கி நடத்தல் வேண்டும்.

முதலில் பார்க்கவேண்டியது அமெரிக்கப் படையில் ஆள் சேர்த்த பதிவேடு. பெயர், வயது, பிறந்த இடம், முன்பு செய்த தொழில், உயரம், கண்ணின் நிறம், தலைமயிரின் நிறம் ஆகியவை அதில் உண்டு. பெற்றோர் பெயர் இல்லை. வயதையும் அப்படியே நம்புதல் கூடாது. இளையோர் தம் வயதைக் கூட்டிச் சொல்வது வழக்கம். வேறு பெயரில் சேர்ந்தோரும் பலர். போரில் இறந்த வீரனின் மனைவியோ தாயோ உதவிப்பணம் கோரியிருந்தால், அந்தக் கட்டில் திருமணச் சான்றும் மகன் எழுதிய கடிதங்களும்கூடக் கிடைப்பதுண்டு. ஆராய்ச்சியாளர்க்கு அது புதையல்.

அடுத்து, பெயர். வில்லியம்ஸ் என்பது ஆங்கிலேயரிடையே மிகப் பரவலான பெயர். ஆனால் இவர் பெயரிலோ, ஐ என்னும் ஆங்கில எழுத்து நிற்கவேண்டிய இரண்டு இடங்களிலும் ஒய் நிற்கின்றது. அரிய எழுத்தமைப்பு ஆயிரம் பேரை ஒதுக்கித் தரும். அதே வேளையில், எழுத்தர் அதனைத் தம் வழக்கப்படி திருத்தியும் எழுதியிருப்பார். எனவே இரு வடிவிலும் தேடல் வேண்டும். தந்தை பெயரை முதலெழுத்தாக மட்டும் சுமக்கும் நமக்கு இத்தகைய நூலிழை இல்லை; மூன்றாம் தலைமுறையிலேயே அறுந்துவிடுகின்றது.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். ஈட்டன் மாணவர் பட்டியல்கள் அச்சில் உள்ளன. அப்பள்ளிப் பேச்சை அவற்றோடு ஒப்பிடலாம். 1851-ம் ஆண்டு மார்ச் 30-ல் எடுத்த மக்கட்கணக்கு அதனினும் பயனுடையது. வீட்டுத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு, வயது என்ன, எவ்வூரிற் பிறந்தவர் என்பதெல்லாம் அதில் வரிசையாக உள்ளன. மகன்மேல் சினங்கொண்ட குடும்பம் அவன் பெயரைத் தன் வம்ச வரிசையிலிருந்து எடுத்துவிடலாம். பின்னாளில் அவனைப்பற்றி வீட்டில் எவரும் வாய் திறவாதிருக்கலாம். ஆனால் கணக்கெடுப்பவர் வந்த நாளில் அவன் சிறுவன். பிணக்கு இன்னும் பிறக்கவில்லை. பெயர் ஏறிவிட்டது. பெரிய குடும்பங்களைவிட இந்த எளிய எழுத்தர்களையே நான் மிகுதியும் நம்புவேன்.

ஊர் தெரிந்தால் மாதாகோயில் பதிவேட்டுக்குச் செல்லலாம். 1813 முதல் அச்சிட்ட படிவத்தில் குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், வசிக்கும் இடம், தந்தையின் தொழில் எழுதப்பட்டன. ஆனால் தாய்க்கு அங்கே அவள் சொந்தப் பெயர் மட்டுமே உண்டு. பிறந்த வீட்டுப் பெயர் இல்லை. 1837 ஜூலை முதல் அரசாங்கமே பிறப்பைப் பதியத் தொடங்கியது. அந்தச் சான்றிதழில்தான் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இடம் பெற்றது. அப்பெயர் கிடைத்த பின்பு, அதே மக்கட்கணக்கில் பாட்டன் வீட்டையும் மாமன் வீட்டையும் தேடலாம். பெற்றோரைப் பிரிந்து சென்ற பிள்ளையின் செய்தியோ கடிதமோ சில வேளைகளில் அங்கேதான் கிடைக்கின்றது.