களுகங்கைக் கரையில் ஒரு துறை

இலங்கையின் கரையோரத்தை ஒருமுறை சுற்றி வருபவர், 'துறை' என முடியும் ஊர்ப்பெயர்கள் சிலவற்றைக் காண்பர். வடக்கே பருத்தித்துறையும் காங்கேசன்துறையும் உள்ளன. தென்மேற்கே, கொழும்புக்கு ஏறத்தாழ 42 கிலோமீற்றர் தெற்கில், களுத்துறை உள்ளது. துறை என்பது கலம் வந்து சேரும் இடம். ஆற்றைக் கடக்க விரும்புவோர் இறங்குவதும் ஏறுவதும் அங்கேதான். ஆகவே துறையில் தங்கி வாழ்வோரிலும் அதனைக் கடந்து செல்வோர் தொகையே என்றும் மிகுதியாக இருக்கும். களுத்துறையின் வரலாறு முழுவதற்கும் திறவுகோலாக அமைவது இவ்வொரு சொல்லே எனலாம்.

ஊருக்குப் பெயர் தந்தது களுகங்கை. 'களு' என்னும் சிங்களச் சொல் கருமையைக் குறிக்கும். பாளி மொழியிலுள்ள பழைய வரலாற்று நூல்கள் ஆற்றைக் 'காலநதி' என்றும், ஊரைக் 'காலதித்த' என்றும் வழங்குகின்றன. 'தித்த' என்பது வடமொழியில் தீர்த்தம், தமிழில் துறை. பெயர் மொழிக்கு மொழி உருமாறியும் பொருள் மாறவில்லை.

சிவனொளிபாத மலைப் பகுதியில் தோன்றும் இவ்வாறு 129 கிலோமீற்றர் நீளமானது. நாட்டின் மிக நீண்ட ஆறு இதுவன்று. ஆயினும் இது பாயும் ஏறத்தாழ 2,700 சதுர கிலோமீற்றர் நிலம் முழுவதும் ஈரவலயத்துள் அடங்குவதால், ஆண்டுதோறும் கடலுக்குக் கொண்டு சேர்க்கும் நீரின் அளவில் முன்னணியில் நிற்கின்றது. மலையிலிருந்து விரைந்து இறங்கும் ஆறு, இரத்தினபுரியை அடையும்பொழுது கடல் மட்டத்துக்கு மேல் 14 மீற்றர் அளவிலேயே நிற்கின்றது. அங்கிருந்து கடல் வரையுள்ள நெடுந்தூரத்தையும் அந்தச் சிறு சரிவிலேயே அது மெல்லக் கடக்க வேண்டும். களுத்துறை பெற்ற நன்மையும் அடைந்த துன்பமும் இவ்வியல்பிலிருந்தே பிறந்தன. ஆறு மெல்ல நகர்வதால் தோணிகள் உள்நாடு வரை செல்ல முடிந்தது. அதே காரணத்தால், மலையிலே பெருமழை பெய்யும்பொழுது வெள்ளம் விரைந்து வடிய வழியின்றித் தாழ்நிலங்களிலே தேங்கியது.

இத்துறைக்கும் அரசுரிமைப் போருக்கும் பழைய தொடர்பொன்று உண்டு. 11 ஆம் நூற்றாண்டில், சோழர் பொலன்னறுவையைக் கைக்கொண்டிருந்த காலத்தில், தெற்கிலே உரிமைக்காகப் பலர் போரிட்டனர். அவருள் ஒருவனான விக்கிரமபாண்டு காலதித்தவைத் தலைநகராகக் கொண்டு சிறிது காலம் ஆண்டான் எனச் சூளவம்சம் கூறும். அவ்வாட்சி ஓராண்டளவே நிலைத்தது. அரசனும் இத்துறையைக் கடந்து போனவனே.

நிலைத்து நின்றது பிறிதொன்று. 13 ஆம் நூற்றாண்டில் தம்பதெனியாவிலிருந்து ஆண்ட இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சனான தேவபதிராஜன், பெந்தோட்டையிலிருந்து களுகங்கைத் துறை வரை பெரியதொரு தென்னந்தோட்டத்தை அமைத்தான் என அதே நூல் குறிக்கின்றது. இன்றும் அக்கரையோரத்தில் தென்னையே மிகுந்துள்ளது. ஒரு மரத்தின் உச்சியிலிருந்து மற்றொரு மரத்தின் உச்சிக்குக் கட்டிய கயிற்றின் மேல் நடந்து கள் இறக்கும் தொழிலாளரை இப்பகுதியிற் காணலாம். வீதியிற் செல்பவர் அண்ணாந்து பார்த்து வியப்பர். கயிற்றில் நடப்பவருக்கோ அது அன்றாட உழைப்பு.

மேல்நாட்டார் வந்தபொழுது துறையின் மதிப்பு வேறு வகையில் உணரப்பட்டது. ஆற்றின் வாயை ஆள்பவன் உள்நாட்டு வாணிகத்தையும் ஆள்வான் என்பதைப் போர்த்துக்கேயர் அறிந்திருந்தனர். ஆற்றை நோக்கிய மேட்டிலே, பழைய விகாரை இருந்த இடத்தில் அவர்கள் கோட்டை அமைத்தனர். 1655 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர்; அடுத்த ஆண்டிலே கொழும்பும் அவர் வசமாயிற்று. 1796 இல் ஆங்கிலேயர் வந்தனர். கோட்டைக்கு உடையவர் மாறினரேயன்றி ஆற்றின் தொழில் மாறவில்லை. தட்டையான அடியும் ஓலைக்கூரையும் உடைய 'பாரு' என்னும் தோணிகள் இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து பாக்கையும் பின்னாளிலே காரீயத்தையும் ஏற்றி வந்தன. திரும்புகையில் அரிசியும் பிற சரக்கும் ஏற்றிச் சென்றன. தோணிக்காரரும் கடைக்காரரும் சுமை தூக்குவோருமே அக்காலக் களுத்துறையின் உயிர்நாடி.

19 ஆம் நூற்றாண்டின் கடைசிக் காற்பகுதியிற் புகையிரதம் வந்தது. கொழும்பிலிருந்து கடலோரமாகவே நீண்ட இருப்புப்பாதை, மொறட்டுவையையும் பாணந்துறையையும் தாண்டிக் களுத்துறையை அடைந்தது. 1894 இற் காலியையும், 1895 இல் மாத்தறையையும் எட்டியது. ஆற்றின் மேல் இரும்புப் பாலம் எழுந்தது. இம்மாற்றத்தின் பொருளை உணர்தல் வேண்டும். அதுவரை ஊரின் முகம் ஆற்றை நோக்கி, கிழக்கே மலைநாட்டைப் பார்த்திருந்தது. அதன்பின் அது வடக்கே கொழும்பை நோக்கித் திரும்பிற்று. பொருள் வந்திறங்கிய ஊர், ஆள் ஏறிச் செல்லும் ஊராயிற்று.

அந்நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்ததன் தொடக்கத்திலும் றப்பர்ச் செய்கை களுத்துறை மாவட்டத்திலே வேரூன்றியது. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் உள்நாட்டுத் தோட்டங்களிற் குடியேறினர். இன்று நாட்டின் றப்பர் ஆராய்ச்சி நிலையம் இம்மாவட்டத்தின் அகலவத்தைப் பகுதியிலேயே உள்ளது. அக்காலச் செல்வத்தின் சின்னமாக ஆற்றங்கரையிலே பலாத்தொட்டையில் 'றிச்மண்ட் காசில்' என்னும் மாளிகை நிற்கின்றது. அதனைக் கட்டிய முதலியார் பிற்காலத்தில் அதனைப் பொதுநன்மைக்கென விட்டுச் சென்றார். ஆதரவற்ற சிறுவருக்கு அது நிழல் தந்தது.

இவ்வாறு சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும், பௌத்தரும் கிறித்தவரும் இக்கரையோரத்தில் அயலவராயினர். அவ்வுறவு எக்காலும் பழுதின்றி இருந்ததெனக் கூறுதல் உண்மைக்கு மாறாகும். 1915 ஆம் ஆண்டுக் கலவரம் இக்கரையோரத்தையும் தாக்கிற்று. 2014 இல் அயலூரான அளுத்கமையிலும் பேருவளையிலும் வீடுகளும் கடைகளும் எரிந்தன. எனினும், மறுநாள் காலையிலே ஒரே சந்தையிற் பொருள் வாங்கவும், ஒரே வண்டியில் ஏறவும் வேண்டியவராக மக்கள் இருந்தனர். அயலவரை மீண்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கச் செய்வதற்கு அன்றாடத் தேவையைப் போல வல்லது வேறில்லை.

களுத்துறையின் பொதுவாழ்வை அறிய விரும்புவோர், பாலத்தின் தென்முனையிலுள்ள அரசமரத்தடிக்குச் செல்லல் வேண்டும். அநுராதபுரத்துப் புனித மரத்தின் வழிவந்த கன்றுகளுள் ஒன்றெனப் பௌத்தர் அதனைப் போற்றுவர். காலி வீதியிலே செல்லும் வண்டிகள் இங்கே ஒரு கணம் நிற்க, சாரதி இறங்கி உண்டியலிற் காசு இட்டு, பயணம் நலமாக முடிய வேண்டுமென வணங்கிச் செல்வது நெடுநாள் வழக்கம். பஸ் வண்டியில் இருப்போர் கைக்குக் கை காசைக் கொடுத்துக் கண்டக்டரிடம் சேர்ப்பர். சாரதி வேற்று மதத்தவராயினும் பலகால் இவ்வழக்கைக் கைவிடுவதில்லை.

இந்தச் சில்லறைக் காசு பயனுள்ள வழியிற் செல்லக் காரணமாயிருந்தவர் சேர் சிறில் டி சொய்சா. களுத்துறையிலே வழக்கறிஞராயிருந்த அவர், தென்மேற்குக் கரையோரத்திற் பஸ் வண்டிகளை ஓட்டிய பெரியதொரு கம்பனியின் தலைவர். பின்னர் செனற் சபையின் தலைவராகவும் விளங்கினார். 1951 இல் அவர் முயற்சியாற் களுத்துறைப் போதி நம்பிக்கைப் பொறுப்பு நிறுவப்பட்டது. 1958 இற் பஸ் கம்பனிகள் நாட்டுடைமையாயின. வண்டிகள் அவர் கையை விட்டுப் போயின. மரத்தடி அறம் நின்றது. 1960 களிலும் 1970 களிலும் ஆற்றின் கரையில், உள்ளே சென்று நின்று பார்க்கத்தக்க வெறுமையான உட்புறத்தையுடைய பெரிய தாதுகோபம் எழுந்தது. பொறியியலாளர் ஏ. என். எஸ். குலசிங்கவின் திறமைக்கு அது சான்று. முன்பின் அறியாத வழிப்போக்கர் இட்ட காசுகள் ஒன்று சேர்ந்து, ஓர் ஊரின் அடையாளமாகவே நிமிர்ந்து நிற்கின்றன.

இனி, இவ்வூரவரின் நாளாந்த வாழ்வைப் பார்ப்போம். பொழுது புலருமுன்பே களுத்துறை வடக்கிலும் தெற்கிலும் உள்ள புகையிரத நிலையங்களில் மக்கள் கூடுவர். எழுதுவினைஞர், ஆசிரியர், தாதியர், கடைச் சிப்பந்திகள், பல்கலைக்கழக மாணவர் எனப் பலதிறத்தார் அவருள் உளர். பருவகாலச் சீட்டு ஒவ்வொருவர் பையிலும் இருக்கும். நாள்தோறும் ஒரே பெட்டியில் ஏறுவோர் காலப்போக்கில் ஒரு குடும்பம் போலாகிவிடுவர். ஒருவர் வராவிடின் மற்றவர் விசாரிப்பர். திருமண அழைப்பு அங்கேயே வழங்கப்படும். இருக்கை கிடைத்தவர் நிற்பவரின் பையை மடியில் வாங்கி வைத்துக்கொள்வர். ஒருபுறம் கடலும் மறுபுறம் தென்னையும் விரைந்தோட, ஒரு மணி நேரத்துக்கு மேல் அவ்வண்டியே அவர்களின் ஊர் மன்றமாகின்றது. மாலையில் இருள் சூழ்ந்த பின்னரே பலர் வீடு திரும்புவர்.

வேலை நாளிற் பகலொளியில் தம் ஊரைக் காணாதவர் ஆயிரக்கணக்கானோர். ஆறு கலங்கி ஓடுகின்றதா, தெளிந்து ஓடுகின்றதா என்பதை அவர் ஞாயிற்றுக்கிழமையிலும் போயா விடுமுறையிலுமே அறிவர். ஊர்ச் சங்கங்கள் கூடுவதும் பெரும்பாலும் அந்நாள்களிலேதான். இரவுக்கு உறைவிடமும் பகலுக்குத் தொழிலிடமும் வேறுவேறாகிய ஊர்களுக்கெல்லாம் நேரும் இடர்ப்பாடு இதுவே: ஊரைக் காக்க வேண்டியவர், ஊரில் இல்லாத நேரத்திலேதான் ஊருக்குக் கேடு நிகழும்.

அக்கேடு கற்பனையன்று. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோரத்தைத் தாக்கியபொழுது, வான்வெளியிற் சென்ற செய்மதி ஒன்று களுத்துறைக் கரையைப் படம்பிடித்தது. நிலத்தின் மேலேறிய நீர் சுழித்துச் சுழித்துக் கடலுக்குத் திரும்பும் காட்சியை உலகம் முழுவதும் கண்டது. பலர் இச்சிறு நகரின் பெயரைக் கேட்டது அன்றுதான். தெற்கே சிதைந்த இருப்புப்பாதை சில மாதங்களுக்குள் திருத்தப்பட்டு, வண்டிகள் மீண்டும் ஓடின.

ஆரவாரமின்றி நிகழ்ந்த கேடு வேறொன்று உண்டு. கட்டடங்கள் பெருகப் பெருக, களுகங்கையின் மணலுக்கு விலை ஏறியது. அளவின்றி மணல் அகழப்பட்டதால் ஆற்றின் படுகை தாழ்ந்தது. படுகை தாழ்ந்த இடத்திற் கடல்நீர் மேலேறுதல் இயல்பு. மழை குறைந்த மாதங்களில் உவர்நீர் ஆற்றினுட் புகுந்து, குடிநீர் எடுக்கும் இடம் வரை எட்டுவதாயிற்று. நாட்டிலே நீர்வளம் மிக்க ஆறுகளுள் ஒன்றின் கரையில் வாழ்வோர் உப்புக் கரிக்கும் தண்ணீரைக் குடிக்க நேர்ந்தது.

ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே, கலிடோ கடற்கரை எனப்படும் நீண்ட மணல் திட்டு ஒன்று இருந்தது. 2017 மே மாதப் பெருமழையிலே களுத்துறை மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் பெருந்துயர் அடைந்தது. நீர் வடியும் பொருட்டு அத்திட்டு வெட்டப்பட்டது. வெட்டிய வழியாக வெள்ளம் வடிந்தது; பின்னர் அலைகள் அவ்வழியை அகலமாக்கின. மாலைவேளையில் ஊரவர் உலாவிய கடற்கரையின் பெரும்பகுதி மறைந்தது. 2020 இற் கடலடியிலிருந்து மணல் கொணர்ந்து கரையை மீட்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. ஆறு தானே பல்லாண்டாகக் கொண்டுவந்து குவித்த மணலை, மனிதர் பெருஞ்செலவிற் கொண்டுவந்து கொட்ட வேண்டியதாயிற்று. ஆற்றில் அள்ளிய மணலையும் கரையில் இழந்த மணலையும் ஒரே கணக்கில் எழுதிப் பார்ப்பவருக்கு உண்மை விளங்கும்.

2011 ஆம் ஆண்டில் தெற்கு அதிவேகப் பாதை திறக்கப்பட்டது. அது கரையோரத்தை விட்டு உள்நாட்டின் வழியாகத் தொடங்கொடையைத் தொட்டுச் செல்கின்றது. காலிக்கும் மாத்தறைக்கும் விரைவோர் இப்பொழுது களுத்துறைப் பாலத்தைக் காணாமலே போகலாம். முன்னர் தோணியின் இடத்தைப் புகையிரதம் கொண்டது போலவே, கடந்து செல்வோரின் வழி மீண்டும் ஒருமுறை மாறத் தொடங்கியுள்ளது. வழிப்போக்கரை நம்பி வளர்ந்த துறை, இனித் தன் குடிகளையே நம்ப வேண்டிய காலம் வந்துள்ளது.

அக்குடிகளிடம் அதற்கான வலிமை உண்டா? உண்டென்றே வரலாறு காட்டுகின்றது. கடந்து செல்பவன் ஒரு காசு இட்டான். அக்காசுகள் சேர்ந்து ஓர் அறமாயின. அங்கே பிறந்து, வளர்ந்து, இரவுதோறும் அங்கேயே திரும்பி உறங்குபவரின் கடன் அதனிலும் பெரிதன்றோ? விடுமுறை நாளிலே ஒரு மணி நேரம் ஆற்றங்கரைக்குச் சென்று, அங்கே நிகழ்வதை நேரிற் கண்டு, கண்டதை உரிய அலுவலகத்தில் எடுத்துரைத்தலும் அக்கடனின் ஒரு பகுதியே. புகையிரதப் பெட்டியிலே ஒருவருக்கொருவர் இடங்கொடுத்துப் பழகியவர், ஊர்ப் பொதுக்காரியத்திலும் அவ்வாறே ஒன்றுகூடல் அரிதன்று.

அரசரும் கோட்டைகளும் தோணிகளும் அத்துறையைக் கடந்து போயின. ஆறு இன்னும் போகவில்லை. அதனைக் காத்தல் அதன் கரையில் வாழ்வோர் கையில் உள்ளது.