வேலியைப் பிடுங்காதீங்க, மாட்டை விரட்டுங்க!

தலைப்பு: உழைப்பவர் பிழைப்புக்குச் சட்டம் வேலியா, விலங்கா?

'வேலியே!' என்ற அணியில் பேசியது

நான் தயார் பண்ணி வந்ததையெல்லாம் மறக்கடிக்கிற மாதிரி பேசிவிட்டுப் போனாங்க எதிரணிச் சகோதரி.

சகோதரி ஒரு கேள்வி கேட்டாங்க. "கடலே இல்லாத பொன்னமராவதிக்காரருக்கு மீனவர் கஷ்டம் என்ன தெரியும்?" அம்மா, எங்களுக்குக் கடல் தெரியாது. ஆனா ஞாயிற்றுக்கிழமை மீன் விலை நல்லாத் தெரியும்! (சிரிப்பு)

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. "இது விலங்கு இல்லையா?"ன்னாங்க. மீன் இனம் பெருகுகிற காலம் அது. விதைநெல்லைப் பொங்கித் தின்னுட்டு, நடவுக்கு யார் வீட்டு வாசலில் போய் நிற்கிறது?

நம்ம மாவட்டத்து ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் பக்கம் போய்ப் பாருங்க. விசைப்படகும் இருக்கு, நாட்டுப்படகும் இருக்கு. கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள்ளே விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாதுன்னு 1983-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுது. அந்தக் கரையோரக் கடல்தான் நாட்டுப்படகுக்காரரோட வயல். சட்டத்தை எடுத்துட்டா, இழுவை மடி வந்து அவர் வலையையும் சேர்த்து வாரிக்கிட்டுப் போயிடும்.

ஆனா நடுவர் அவர்களே, ஒரு நியாயத்தை நானும் ஒப்புக்கொள்கிறேன். தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 61 நாளைக்கு வகுத்தா ஒரு நாளைக்கு 131 ரூபாய். ஒரு குடும்பம் அதில் எப்படி அடுப்பெரிக்கும்? 'போகாதே'ன்னு சொல்ற சட்டம், 'சாப்பிட்டியா'ன்னும் கேட்கணும். (கைத்தட்டல்)

கடலை விட்டு நம்ம கல்லுக்கு வர்றேன். "குவாரியை மூடினா கூலிக்காரன் பட்டினி"ன்னாங்க. முறையான குவாரியை யாரும் மூடச் சொல்லலை. ஆனா அனுமதி இல்லாத குழியில் இறங்குறவன் பேரு எந்த ரிஜிஸ்டரிலும் இருக்காது. பாறை சரிஞ்சா, அவன் அங்கே வேலை பார்த்ததுக்கே சாட்சி தேடணும். 2025 மே மாதம், பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் மல்லாக்கோட்டைக் குவாரியில் பாறை சரிஞ்சு தொழிலாளர்கள் செத்தாங்களே, மறந்துட்டோமா? பாதுகாப்பு விதியைக் கடைப்பிடின்னு சொல்றது கூலிக்காரனுக்கு விலங்கா, உயிருக்கு வேலியா?

திருமயம் பக்கம் ஜகபர் அலின்னு ஒருத்தர். முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர். சட்டவிரோதக் குவாரிகளை எதிர்த்து மனு மேல மனு கொடுத்தார். 2025 ஜனவரி 17-ஆம் தேதி, டூவீலரில் போனவரை லாரி மோதி இறந்தார். கொலை வழக்காகி, சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்குப் போச்சு. தீர்ப்பை நீதிமன்றம் சொல்லட்டும். நான் கேட்கிறது ஒண்ணுதான். அவர் கேட்டது என்ன, புதுச் சட்டமா? இல்லை. இருக்கிற சட்டத்தை நடத்திக் காட்டுங்கன்னுதான் கேட்டார். சட்டம் வெறும் விலங்குன்னா, அது வேணும்னு ஒரு மனுஷன் ஏன் அலையணும்? (நீண்ட கைத்தட்டல்)

நல்ல அதிகாரி கையில் அதே சட்டம் என்ன செய்யும்? 1990-களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் இங்கே கலெக்டரா இருந்தப்போ, குடுமியான்மலைப் பக்கம் கொத்தடிமையா கல் உடைச்ச பெண்கள் கைக்கே குவாரிக் குத்தகை வந்துச்சு. அதுவரைக்கும் கூலிக்கு நின்ன அம்மா, அப்போ கணக்கு நோட்டைப் பிரிச்சுப் பார்த்தாங்க. அந்தக் கையெழுத்தைப் போட வச்சதும் சட்டம்தானே?

"மாட்டுவண்டி மணலைப் பிடிக்கிறாங்க, டிப்பரை விட்டுடறாங்க"ன்னு சகோதரி கொதிச்சாங்க. நியாயமான கொதிப்பு. ஆனா அது சட்டத்தோட குத்தமா, ஆளுக்கு ஒரு சட்டம் வச்சிருக்கிறவங்க குத்தமா? (மணி ஒலிக்கிறது)

மணி அடிச்சிட்டீங்க அய்யா, முடிச்சிடறேன். வேலிக்குள்ளே மாடு புகுந்து மேயுதுன்னா, மாட்டை விரட்டணும். வேலியைப் பிடுங்கிப் போட்டா, இன்னும் பத்து மாடு வரும். வலியவனுக்கு வேலி வேண்டாம், அவனே பார்த்துக்குவான். எளியவனுக்கு அதை விட்டா வேற துணை இல்லை. ஆகவே சட்டம் வேலியே, வேலியே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.